ஒத்தைப் பேர் வரிகள்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், மேலே மலையில் ஒரு லயம் தெரியும், கீழே பள்ளத்தில் ஒரு லயம் தெரியும். தகரக் கூரை வெயிலில் மின்னும். அங்கே எப்படிப் போவது என்பது மட்டும் தெரியாது. நாங்கள் எல்லாருமே இந்த மாதிரி ஏதோ ஒரு லயத்தில் பிறந்தவர்கள்தான். ஆனாலும் பக்கத்துத் தோட்டத்து மேல்கணக்குக்குப் போகச் சொன்னால், வழியில் யாரையாவது கேட்டுத்தான் போகணும்.

இந்த வழிகளை எழுதி வைப்போம் என்றுதான் ஆரம்பித்தோம். எந்த டிவிஷனிலிருந்து எந்த டிவிஷனுக்குப் போகலாம், அங்கிருந்து எந்த டவுனுக்குப் போகலாம். பொழுதுபோக்குக்காக இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை இறங்கி லயன்களை மூடியபோது, எங்களில் மூத்தவர்கள் ஸ்கூல் பிள்ளைகள், மற்றவர்களுக்கு விவரம் தெரியாத வயது. ஆனால் வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. காணாமற்போனவர்களின் எண்ணிக்கை அந்தத் திரையில் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. லயத்தில் அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று உடனே எடுத்துச் சொல்ல ஒரு பட்டியல் கையில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எச்சரிக்கை வரும். ரோட்டு உடையும், மரம் விழும், பஸ் நிற்கும். எந்த இடத்தில் உடைந்தால் எந்த லயம் தனிச்சுப்போகும் என்பதுதான் எங்கள் கேள்வி.

எங்களில் கெம்பஸில் படிக்கிற ஒருத்தி, இது கணிதத்தில் ரொம்பப் பழைய கேள்வி என்றாள். இடங்களைப் புள்ளியாகவும் வழிகளைக் கோடாகவும் போட்டுப் பார்க்கிற முறையை ஒய்லர் 1736-ல், கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களை வைத்துத் தொடங்கிவைத்தார். புள்ளிக்கு நோட் என்றும் கோட்டுக்கு எட்ஜ் என்றும் பேர். எந்தக் கோட்டை எடுத்தால் படம் இரண்டாக உடையுமோ, அந்தக் கோட்டுக்குப் பேரே ‘பிரிட்ஜ்’, பாலம்தான். இதையெல்லாம் கண்டுபிடித்துத் தருவதற்குப் பைதன் மொழியில் நெட்வொர்க்எக்ஸ் என்று ஒரு நூலகம் இருக்கு. 2005-லிருந்து வெளியில் இருக்கிறது, காசும் இல்லை. அதற்கு வேண்டியது ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஒரு வரிக்கு இரண்டு பேர். இங்கேயிருந்து, அங்கே. இதற்கு எட்ஜ் லிஸ்ட் என்று சொல்கிறார்கள்.

இவ்வளவுதானா என்று நினைத்தோம். இரண்டு பேரை எழுதத் தெரியாதா என்ன.

முதலில் கோச்சிப் பாதையை எழுதிப் பார்த்தோம். 1924-ல் பதுளை வரைக்கும் வந்த பாதை, ஒத்தைத் தண்டவாளம், ஸ்டேஷன் வரிசை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தப்பு வந்தால் உடனே பிடித்துவிடலாம். பதுளை, ஹாலி எல, உடுவர, தெமோதரை, எல்ல. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி அந்த ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்தில் போகிற அதிசயம் இதில் தெரியாது. புள்ளிக்கும் கோட்டுக்கும் வளைவு ஒரு பொருட்டே இல்லை. நோட்பேடில் நாலு வரி அடித்து, ரீட் எட்ஜ்லிஸ்ட் என்கிற கட்டளையைக் கொடுத்தோம். முதல் வரியிலேயே விழுந்தது.

காரணம் ஹாலி எல. நாங்கள் எதையும் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், அந்தக் கட்டளை இடைவெளி வருகிற இடத்திலெல்லாம் வரியை வெட்டும். “ஹாலி எல பதுளை” என்று எழுதினால் ஹாலி ஒரு ஊர், எல இன்னொரு ஊர், பதுளை என்பது அந்த வழியைப் பற்றிய ஏதோ ஒரு விவரம். அந்த விவரம் அது எதிர்பார்க்கிற வடிவத்தில் இல்லை என்றுதான் சண்டை. எங்களில் ஒருத்தன் போனில் தேடி, ‘டேட்டா’ என்கிற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டால் சரியாகும் என்று கண்டுபிடித்தான். போட்டோம். சிவப்பு எழுத்து மறைந்தது, எல்லாருக்கும் சந்தோசம். படத்தை வரைந்து பார்த்தால் ஹாலி என்ற ஊரிலிருந்து எல என்ற ஊருக்கு ஒரு கோடு போகிறது, பதுளையைக் காணோம். எக்கச்சக்கமாகக் கத்திய புரோகிராம் அப்போது சரியாகத்தான் இருந்தது. நாங்கள் அதன் வாயை அடைத்ததும்தான் தப்பு உள்ளே வந்தது. அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

பேருக்கு நடுவில் அடிக்கோடு போட்டுச் சமாளித்தோம். ஹாலி_எல.

பிறகு தோட்டங்களுக்கு வந்தோம். இங்கே பேர்தான் பெரிய வில்லங்கம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் மூன்று பேர். ஆபீஸ் போர்டில் ஒரு இங்கிலீஷ் பேர், பஸ் போர்டில் ஒரு சிங்களப் பேர், எங்கள் ஆட்கள் வாயில் ஒரு தமிழ்ப் பேர். மூன்று பேர் மூன்று விதமாக எழுதிக் கொடுத்தால் கொம்பியூட்டருக்கு அது மூன்று தோட்டம். இன்னொரு பக்கம், மேல்கணக்கு, கீழ்க்கணக்கு இல்லாத தோட்டம் ஏது? சும்மா ‘மேல்கணக்கு’ என்று எழுதியதால், நமுனுகுலைப் பக்கத்து மேல்கணக்கும் அப்புத்தளைப் பக்கத்து மேல்கணக்கும் ஒரே புள்ளியாகிப் போனது. ஒரே எட்டில் மலை தாண்டிவிடலாம் என்று படம் சொன்னது. அதன் பிறகு தோட்டத்தின் பேரையும் முன்னால் சேர்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டோம், டவுனுக்கு வந்தவர்களைப் பிடித்துக் கேட்டோம். “உங்க டிவிஷன்லருந்து ரோட்டு எங்க போகுது அண்ணே?” பதில் வந்ததும் ஒரு வரி. சில பேர் “ரோட்டா? எங்க தம்பி ரோட்டு!” என்று சிரிப்பார்கள். அப்போது அந்த டிவிஷன் பேரை மட்டும் எழுதி வைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஃபைல் நூறு வரியைத் தாண்டியது. ஓட்டிப் பார்த்தோம். ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. படத்தை ஏ-3 தாளில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினோம். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

ஒருத்தி மட்டும் ரொம்ப நேரம் அந்தத் தாளில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில், “எங்க லயத்தக் காணோமே” என்றாள்.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று ஃபைலைத் திறந்து பார்த்தோம். பேர் இருக்கு. சரியாகத்தான் இருக்கு. அந்த வரியில் அவள் ஊரின் பேர் மட்டும் இருக்கு, இரண்டாவது பேர் இல்லை. அதே மாதிரி இன்னும் 10 வரி.

நெட்வொர்க்எக்ஸ் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம். திறந்தோம். எட்ஜ் லிஸ்டை வாசிக்கிற இடத்தில் ஒரு சின்ன நிபந்தனை: வரியை வெட்டியதும் துண்டுகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால், அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ. எச்சரிக்கை இல்லை, எண்ணிக்கை இல்லை. வெறும் வரியையும் அவளுடைய லயத்தையும் அது ஒரே மாதிரித்தான் தாண்டிப் போகிறது. இன்னும் 3 வரி வேறு விதத்தில் போயிருந்தது. ‘#2 டிவிஷன்’ என்று எழுதியிருந்தோம். அந்த அடையாளத்துக்குப் பின்னால் வருவதெல்லாம் குறிப்பு என்று எடுத்து, அது அப்படியே வெட்டி எறிந்துவிடும். மிச்சம் ஒத்தைப் பேர், அதுவும் போச்சு.

நூலகத்தைக் குறை சொல்ல முடியாது. இந்த வடிவத்தில் தனிப் புள்ளியைக் காட்ட வழியில்லை என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கு. வேண்டுமென்றால் அந்தப் புள்ளியிலிருந்து அதே புள்ளிக்கு ஒரு கோடு போடலாம் என்றும் இருக்கு. அதாவது அந்த லயத்திலிருந்து அந்த லயத்துக்கே ஒரு ரோட்டு. படித்துவிட்டுச் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்தத் துறையில் பேர்போன உதாரணங்களில் இந்தப் பிரச்சினையே வராது. கோனிக்ஸ்பெர்க்கில் பாலமில்லாத கரை கிடையாது. எல்லாப் பாடத்திலும் வருகிற ஸக்கரியின் கராத்தே கழகம், 1977-ல் வந்தது, 34 பேர், 78 கோடு. அதிலும் ஒத்தையாக நிற்கிற ஆள் ஒருவரும் இல்லை. தொடர்பு உள்ளவர்களைப் பற்றிக் கேட்கத்தான் அந்த ஃபைல். தொடர்பே இல்லாதவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கேட்க வேண்டியிருந்தது.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் வேறு அர்த்தமும் இருக்கு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை பத்தாவிட்டால் அரைப்பேர். பிரட்டுக்குப் பிந்திப் போனால் பேர் விழாது. அந்தப் பேரை எண்ணி எண்ணித்தான் எங்கள் அம்மாக்கள் மாசக் கடைசியைப் பார்த்தார்கள். அதனாலோ என்னவோ, பேர் எழுதியும் பேர் விழவில்லை என்பது எங்களுக்குக் கொம்பியூட்டர் சமாச்சாரமாக மட்டும் தெரியவில்லை.

நோட்பேட் சரிவராது, எக்செல்லில் இரண்டு கட்டம் போட்டு ஒழுங்காகச் செய்வோம் என்று மாறினோம். காற்புள்ளி வைத்த சிஎஸ்வி ஃபைலாகச் சேமித்தபோது தமிழ் எல்லாம் கேள்விக்குறி ஆனது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு குறியீட்டுக்கு ஒரு கேள்விக்குறி என்பதால், பசறையும் ‘????’, எல்லயும் ‘????’. இரண்டும் ஒரே ஊர்! பதுளைக்கு மட்டும் ஒரு கேள்விக்குறி கூட. இதைக் கண்டதும் அன்றைக்கு வேலை நின்றது, சிரித்தே நேரம் போனது.

யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்து சேமித்தால் தமிழ் வரும். ஆனால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேர்ந்து வரும். அது முதல் ஊரின் பேரோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் முதல் ஊர் பதுளை. திரையில் பதுளை என்று தெரிகிறது, பதுளைக்கு வழி கேட்டால் அப்படி ஒரு ஊரே இல்லை என்கிறது. வாசிக்கும்போது யூடிஎஃப்-8-சிக் என்று சொன்னால் அந்தக் குறியைக் கழற்றிவிடும். கொஸ்லந்தையும் இப்படித்தான் இரண்டானது. ‘கொ’ என்பதை ஒருத்தருடைய போன் ஒரே குறியாக அடிக்கிறது, இன்னொருத்தருடையது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடிக்கிறது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தெமோதரையின் ‘மோ’வும் அப்படியே. எல்லாப் பேரையும் என்எஃப்சி என்கிற வடிவத்துக்கு மாற்றிவிட்டு வாசித்தால் இது தீரும். காற்புள்ளிக்குப் பின்னால் பழக்கதோஷத்தில் ஒரு இடைவெளி விட்டால் அந்த இடைவெளியும் பேரோடு சேரும், அதையும் துடைக்க வேண்டும். தமிழில் இந்த வேலை செய்ய வருகிறவர்கள் இந்த மூன்றை மட்டுமாவது முதல் நாளே செய்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்து படத்தை வரைந்தால், ஒரு மூலையில் புதுசாக ஒரு நட்சத்திரம். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி 11 புள்ளி. சுற்றியிருப்பவை எங்களுடைய அந்த 11 டிவிஷன்கள். நடுவில் இருக்கிற புள்ளிக்குப் பேர் இல்லை. எக்செல்லில் இரண்டாவது கட்டம் வெறுமையாக இருந்தாலும் காற்புள்ளி ஒன்று விழுந்துவிடும். அதை வெட்டினால் இரண்டு துண்டு: ஒரு பேர், ஒரு வெற்றுச் சொல். இரண்டு துண்டு இருப்பதால் வரி செல்லும். பேரே இல்லாத ஒரு ஊருக்கு 11 டிவிஷனிலிருந்தும் ரோட்டுப் போட்டாயிற்று. ஊவாவின் ஒரு கோடியிலிருக்கிற லயத்திலிருந்து மறுகோடியிலிருக்கிற லயத்துக்கு இரண்டே எட்டில் போகலாம், அந்தப் பேரில்லாத ஊர் வழியாக. முதல் தடவை இவர்கள் இல்லவே இல்லை. இரண்டாம் தடவை இவர்களுக்குள் நல்ல போக்குவரத்து. இரண்டுமே பொய். இரண்டாவது பொய் இன்னும் மோசம் என்பது எங்கள் அபிப்பிராயம், படத்தில் பார்க்க நன்றாக இருந்ததால்.

அட்ஜசென்சி லிஸ்ட் என்று இன்னொரு வடிவம் இருக்கு. வரியின் முதல் பேர் ஊர், பின்னால் வருபவை அதன் பக்கத்து ஊர்கள். பக்கத்து ஊர் ஒன்றும் இல்லாவிட்டாலும் முதல் பேர் புள்ளியாகச் சேர்ந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டோம். ஆனால் அதில் நிமிசக் கணக்கை எழுத முடியாது, பேர்கள் மட்டும்தான். கடைசியில் நாங்கள் வந்து நின்றது இரண்டு ஃபைலில். ஒன்றில் ஊர்கள் மட்டும், வரிக்கு ஒன்று. மற்றதில் வழிகள். முதலில் ஊர்களை எல்லாம் புள்ளியாகச் சேர்த்துவிட்டுப் பிறகுதான் வழிகளை வாசிப்பது. வழி ஃபைலில் உள்ள பேர் ஊர் ஃபைலில் இல்லையென்றால், அது எழுத்துப் பிழை, உடனே தெரிந்துவிடும். ஆடம்பரமில்லாத வேலை, ஆனால் இன்றுவரை தாங்குகிறது.

இனி அந்த 11 இடத்தையும் நேரில் போய்ப் பார்ப்போம் என்று, மழை விட்ட பிறகு முதலில் அவளுடைய லயத்துக்கே போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி, ஸ்டோரைத் தாண்டி, தேயிலை மலைக்குள் குறுக்கால ஏறினோம். படி வெட்டின பாதை. ஒரு இடத்தில் பீலி, ஒரு இடத்தில் ஓடைக்குக் குறுக்கே இரண்டு மரம். எங்களுக்கு மூச்சு வாங்கியது. எதிரில் யூனிஃபோர்மோடு பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். சாமான் மூட்டையோடு ஒரு ஐயா ஏறினார். காய்ச்சல்காரரைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்ததும் இதே பாதையில்தானாம்.

அப்போதுதான் உறைத்தது. வழியில்லாத ஊரா இது? காலையிலும் சாயங்காலமும் இத்தனை பேர் நடக்கிற பாதையை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். “ரோட்டு எங்க போகுது” என்று கேட்டோம். ரோட்டு இல்லை என்றார்கள். அது சரியான பதில். வரியை வெட்டிப் போட்டது நூலகம் என்று அத்தனை நாள் அதன் நிரலைக் குடைந்துகொண்டிருந்தோம். அதற்கு முன்னாலேயே போனில் நாங்கள் வெட்டியிருந்தோம். கூட வந்த அவள் வாயைத் திறக்கவில்லை. “நீயாவது சொல்லியிருக்கலாமே” என்றதற்கு, “குறுக்கெல்லாம் சேத்தின்னு நான் நெனைக்கல” என்றாள்.

திரும்பவும் எல்லாருக்கும் போன் போட்டோம். இப்போது கேள்வி வேறு: “நீங்க டவுனுக்கு எப்படிப் போவீங்க? எவ்வளவு நேரம் செல்லும்?” 11 இடத்தில் 9 இடத்துக்குக் கோடு விழுந்தது. மிச்ச இரண்டில் இப்போது யாரும் குடியில்லை, லயம் மட்டும் நிற்கிறது. அவற்றின் பேர் ஊர் ஃபைலில் ஒத்தையாகவே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

நேரத்தை எழுதப் போனபோது இன்னொரு சங்கடம். இறங்க 40 நிமிசம், ஏற 70. சாதாரண கிராஃபில் இரண்டையும் எழுதினால் பிந்தி எழுதியது முந்தியதை அழித்துவிடும். போகிற வழியும் வருகிற வழியும் அதற்கு ஒரே கோடு. திசை வைத்த கிராஃபாக, டைகிராஃபாக, வாசிக்கச் சொல்லவேண்டும். பாலம் தேடும்போது மட்டும் திசையை எடுத்துவிட்டுத் தேடுவோம். தேடியதில், அந்த ஓடைக்குக் குறுக்கே கிடக்கிற இரண்டு மரத்தையும் ஒரு பாலம் என்றது. நிஜமாகவே பாலம்தான், கணிதப்படியும்.

அன்றைக்கு லயத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவளுடைய அம்மாயியிடமும் கேட்டோம். கீழே ஸ்டோர் வரைக்கும் போய்வர எவ்வளவு நேரம் என்று. அம்மாயி எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தது.

“ஒங்களுக்கா, எனக்கா?”

வழி ஃபைலில் இப்போது இரண்டு நேரக் கட்டம் இருக்கு. இரண்டாவது அம்மாயியுடையது: இறங்க 90, ஏற 150. ஏறும்போது பீலியடியில் உட்காருகிற நேரத்தையும் சேர்த்து.